டோலோன் கணவாயில் வண்டி நின்ற பிறகு

எஞ்சின் கத்துகிறது, சக்கரம் கேட்கவில்லை.
டோலோன் கணவாயின் நாலாவது வளைவில்
என் ஆடி நூறு தன் வயதைச் சொன்னது: முப்பத்தைந்து.
கருகிய நாற்றம். பின்னிருக்கையில்
ஆடுகளுக்கான தடுப்பூசி, ஐஸ் பெட்டியில்.
லாரிக்காரன் ஒருவன் நாரின் வரை இழுத்து வந்தான்.
காசு வேண்டாம் என்றான்,
தன் பசுவின் மடிவீக்கத்துக்கு
மருந்து மட்டும் எழுதி வாங்கிக்கொண்டான்.

மெதெரின் ஷெட் ஒரு துருப்பிடித்த கன்டெய்னர்.
பாதியில் ஜன்னல் சட்டங்கள், ரம்பம், கடைசல் இயந்திரம்.
பாதியில் குழி.
அவன் தச்சன். கார் வேலை பனிக்காலத்துக்கு மட்டும்.
ஆறு வருஷத்துக்கு முன்
இந்த வண்டியை எனக்கு விற்றவனும் அவனே.

முதல் நாள் முழுக்க ஒரே ஒரு பின்னோடு போனது.
சுண்டுவிரல் நீளம் இல்லை,
கிளட்ச் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டிருப்பது.
சுத்தியல், டீசல், நெருப்பு, கெட்ட வார்த்தை.
கடைசியதற்குத்தான் அசைந்தது.
மைனஸ் பதினெட்டு.
ஸ்பேனரைக் கீழே வைத்தால்
உள்ளங்கைத் தோலும் கூடவே போனது.

இரண்டாம் நாள் கியர்பாக்ஸை இறக்கினோம்,
பாதி என் மார்பில், பாதி அவன் முழங்காலில்.
எத்தனையோ கன்றுகளை இப்படித்தான் வாங்கியிருக்கிறேன்:
இழுக்காதே, வரும்போது ஏந்து.
கிளட்ச் தட்டில் ரிவெட் தலைகள் பளபளத்தன.
அது எதிர்பார்த்ததுதான்.

ஆயிலைத் திறந்தபோது
எண்ணெய் வரவில்லை, கஞ்சி வந்தது.
விரலில் எடுத்துத் தேய்த்தேன்.
சாணத்தில் புழு தேடும் விரல், ஏமாறாது.
மரத்தூள்.

தேய்ந்த பேரிங்கின் வாயை அடைக்கப் போடுகிற தீனி.
வாங்கிய அன்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்,
என்ன அமைதியான வண்டி, என்ன அமைதி!
கடைசல் இயந்திரத்தின் அடியில்
அதே தூள் குவிந்து கிடந்தது, வெள்ளையாக.
இருவரும் அதைப் பார்க்காமல் பார்த்தோம்.
கெட்டில் கொதித்தது. யாரும் எழவில்லை.

ஆறு வருஷம் ஆயில் மாற்றாதவள் நான்.
அதைச் சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.

மறுநாள் அவன் இல்லை. ஷெட் திறந்தே கிடந்தது.
ராத்திரி பிஷ்கெக்கிலிருந்து மினிபஸ்ஸில் வந்து இறங்கினான்,
கக்கத்தில் செய்தித்தாள் பொட்டலம்:
நாலு பேரிங், சீல்கள்,
மூன்றாம் கியருக்குப் பித்தளை வளையம்.
எவ்வளவு ஆச்சு என்றேன்.
பித்தளை விலை ஏறிப்போச்சு என்றான். அவ்வளவுதான்.

பேரிங்கை அவன் வீட்டு ரொட்டி அடுப்பில் சூடாக்கி
தண்டில் இறக்கினோம்.
இரண்டு நாள் ரொட்டியில் கிரீஸ் மணத்தது என்று
அவன் மனைவி ஷைர்கூல் இன்னும் சொல்கிறாள்.

புதுத் தட்டை நட்டநடுவில் நிறுத்த
ஒரு கருவி வேண்டும். எங்களிடம் இல்லை.
மெதெர் பிர்ச் கட்டை ஒன்றைக் கடைசலில் மாட்டினான்.
அளந்தான், சீவினான், ஊதினான், அளந்தான்.
மயிரிழை அதிகம்.
மறுபடி சீவினான்.
தூள் அவன் சட்டையில், புருவத்தில்
விழுந்துகொண்டே இருந்தது; தட்டிவிடவில்லை.
கட்டை துளைக்குள் போனது. ஆடவில்லை.
கட்டையை உருவிவிட்டு, மூச்சைப் பிடித்துத் தூக்கினோம்.
ஒரே தள்ளலில் ஏறி உட்கார்ந்தது கியர்பாக்ஸ்.
அப்போதுதான் அவன் என் முகத்தைப் பார்த்தான்.
நான் போல்ட்டைக் கேட்டேன்.

இப்போது பெடல் தரைக்குப் பக்கத்திலேயே கடிக்கிறது.
என் இடது கால் பழைய உயரத்தில் தேடுகிறது.
பாலத்துக்கு முன் மூன்று தடவை வண்டி அணைந்தது,
பின்னால் ரொட்டி வேன் ஹாரன் அடித்தது.
மூன்றாம் கியரில் மெல்லிய சீழ்க்கை,
முன்பு இல்லாதது.
புது பேரிங்கும் பழைய பல்லும் பழகட்டும் என்றான் மெதெர்.
பழகட்டும்.

டேஷ்போர்டு அறைக்குள் அந்தக் கட்டை கிடக்கிறது.
வளைவுகளில் உருண்டு
கதவைத் தட்டுகிறது.